கார்பன் சைக்கிளும் மூன்று படிகளும்



ஒரு பொருளை வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுவதுதான். "ஹராமா?" என்று கேட்டால், "இல்லை" என்ற விடை பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். கடினம் அதற்கு அப்பால் தொடங்குகிறது. பொருள் ஆகுமானது, கையிலிருக்கும் பணம் ஹலாலானது, உள்ளத்தில் ஆசையும் இருக்கிறது. இம்மூன்றும் ஒன்றுகூடும்போது எதைக்கொண்டு முடிவெடுப்பது? கடந்த நான்கு மாதங்களாக ஒரு கார்பன் சைக்கிள் இக்கேள்வியை என் முன் வைத்திருந்தது.

எனக்கு வயது 46. மூன்றாண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் தெரியவந்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.4 ஆக இருந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். முழங்கால் வலி நடைக்கு இடம் தராததால் சைக்கிளுக்கு வந்தேன். ஒருவர் பயன்படுத்திய அலுமினிய ரோடு சைக்கிள் 38,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள், சுபுஹுத் தொழுகை முடிந்ததும் காயல்பட்டினத்திலிருந்து புறப்பட்டு, ஆறுமுகனேரி உப்பளங்களைக் கடந்து, ஆத்தூரைத் தாண்டியுள்ள தாமிரபரணிப் பாலம் வரை சென்று திரும்புவேன். ஞாயிறன்று நண்பர்களுடன் தூத்துக்குடி வரை. அல்ஹம்துலில்லாஹ், இப்போது அந்த அளவு 6.7 ஆக இறங்கியிருக்கிறது.

ஞாயிறு நண்பர்கள் ஆறு பேர். அவர்களில் நால்வர் ஓராண்டுக்குள் கார்பனுக்கு மாறிவிட்டனர். "ஹஸ்ரத், நீங்களும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்று ஒருவர் தம் வண்டியைத் தந்தார். பெடலை மிதித்ததும் வண்டி முன்னே பாய்ந்ததுபோல் இருந்தது. ஒரு விரலால் தூக்கிவிடலாம் என்ற அளவுக்கு இலகு. அன்றிரவு படுக்கையிலும் அதுவே நினைவு. கடையில் விசாரித்தபோது விலை 1,95,000 ரூபாய் என்றார்கள். இரவுகளில் அமர்ந்து அரபியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து நான்காண்டுகளில் நான் சேர்த்த தொகை ஏறத்தாழ அவ்வளவே. ஆண்டுதோறும் ஜகாத் கொடுத்துவந்த பணம் அது.

தயக்கம் எனக்கு முதலில் மத்ரஸாவில்தான் வந்தது. மாணவர்களில் பலர் பதினோராம் வகுப்பில் அரசு தந்த இலவச சைக்கிளில் வருபவர்கள். செய்தி எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. "ஹஸ்ரத், அந்த சைக்கிள் மோட்டார் பைக்கைவிட விலையாமே, உண்மையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். கேள்வியில் குறும்பு இல்லை. வியப்பு மட்டுமே இருந்தது. வீண்விரயத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் இவ்வளவு விலையுள்ள வண்டியில் வந்து இறங்கினால் அவன் எதைக் கற்றுக்கொள்வான் என்று எண்ணி, ஆசையைக் கைவிடும் முடிவுக்கு அன்று மாலையே வந்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு வருஷம் ராத்திரி கண்ணு முழிச்சுச் சேர்த்த பணம். உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கினா என்ன தப்பு? பிள்ளைங்க என்ன நினைப்பாங்கன்னு விட்டுடுறதும் மனுஷருக்காகச் செய்றதுதானே?" என்றார்.

அவருடைய சொல் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. பிறர் மெச்ச வேண்டும் என்று வாங்குவது முகஸ்துதி. பிறர் மெச்ச வேண்டும் என்று வாங்காமல் இருப்பதும் அதன் மறுபக்கமே. ஞாயிறு நண்பர்களின் கண் ஒருபுறம், மாணவர்களின் கண் மறுபுறம். இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? என் உடல், நான் செல்லும் சாலை, அந்த வண்டி, என் கையிருப்பு. இந்நான்கை மட்டும் எடைபோடுவது என்று முடிவு செய்தேன்.

எடையிலிருந்தே தொடங்கினேன். என் அலுமினிய வண்டி 10.4 கிலோ, கடையில் பார்த்த கார்பன் வண்டி 8.6 கிலோ. வேறுபாடு 1.8 கிலோ. கையில் தூக்கும்போது இது பெரிது. ஆனால் சாலையில் வண்டி தனியே ஓடுவதில்லை. 74 கிலோ எடையுள்ள நானும், தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்தே ஓடுகிறோம். மொத்தம் 86 கிலோவில் 1.8 கிலோ என்பது நூற்றுக்கு இரண்டு பங்கு. கொடைக்கானல் மலைப்பாதையில் நான்கு மணி நேரம் ஏறுபவருக்கு இதனால் ஏறத்தாழ ஐந்து நிமிடம் மிச்சமாகலாம். எங்கள் சாலையிலோ ஏற்றம் என்று சொல்ல அந்த ஆற்றுப் பாலம்தான் உண்டு. சமதளத்தில் விரைந்து செல்பவரைத் தடுப்பது எடையன்று, காற்று. ஆனி, ஆடி மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து திரும்பும்போது முகத்தில் அறையும் காற்றை எங்கள் பகுதியினர் அறிவர். காற்றை வெட்டும் வடிவில் செய்த ஃபிரேம்களும் உள்ளன. எனினும் காற்று மோதுவதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடல்மீதே. முதுகைச் சற்றுத் தாழ்த்தி முழங்கையை மடக்கினால் கிடைக்கும் பயனுக்கு விலை ஏதுமில்லை.

அடுத்தது அதிர்வு. கார்பன் இழைகளை அடுக்கும் முறையால் ஃபிரேமின் விறைப்பையும் நெகிழ்வையும் வேண்டியவாறு அமைக்க முடியும் என்பது உண்மையே. ஆனால் சாலையின் அதிர்ச்சியை முதலில் வாங்குவது டயரும் அதிலுள்ள காற்றும். என் வண்டியில் இருந்தவை 25 மில்லிமீட்டர் டயர்கள். 28 மில்லிமீட்டர் வரை அதில் இடமுண்டு. மேலும் அதன் முன் ஃபோர்க் ஏற்கெனவே கார்பன்தான். அலுமினிய வண்டிகள் பலவற்றில் இப்படியே வருகிறது.

மூன்றாவது, பராமரிப்பு. கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் அதனுள் செருகப்படும் அலுமினிய சீட் போஸ்ட், உப்புக் காற்றிலும் வியர்வையிலும் அரிக்கப்பட்டு அசையாமல் இறுகிவிடக்கூடும். இரு வேறு பொருள்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதால் நேரும் வினை அது. போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு மேல் முறுக்கினால் இழைகள் நசுங்கும். விழுந்து அடிபட்டால் வெளியே தெரியாத சேதம் உள்ளே இருக்கலாம். இவை கார்பனின் குற்றங்கள் அல்ல. கவனத்துடன் பேணுவோருக்கு அது நெடுங்காலம் உழைக்கும். கடலோரத்தில் வசித்து, வண்டியைத் திண்ணையில் நிறுத்துபவன் அக்கவனத்தையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி கையிருப்பு. மனிதரின் நலன்களை நம் அறிஞர்கள் மூன்று படிகளாக வகுத்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி எடுத்துரைத்த இப்பகுப்பை, கி.பி. 1388இல் மறைந்த கிரானாடாவின் இமாம் ஷாத்திபி தம் அல்முவாஃபகாத் நூலில் விரிவாக அமைத்தார். முதற்படி ளரூரிய்யாத், உயிர், மார்க்கம் போல இன்றியமையாதவை. அடுத்தது ஹாஜிய்யாத், சிரமத்தை நீக்கும் தேவைகள். மூன்றாவது தஹ்ஸீனிய்யாத், வாழ்வுக்கு அழகும் செம்மையும் கூட்டுபவை. மூன்றாம் படி விலக்கப்பட்டதன்று. மேற்படியைச் சிதைத்துக் கீழ்ப்படியைக் கட்டலாகாது என்பதே இதன் சாரம்.

இதில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரை நோயாளிக்கு உடற்பயிற்சி இரண்டாம் படியில் நிற்கிறது; முதற்படியைத் தொடுகிறது என்றும் சொல்லலாம். அதற்கு ஒரு சைக்கிள் வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. 8.4ஐ 6.7ஆக இறக்கியது மிதித்த மிதிதான். ஃபிரேமின் பொருள் அதை அறியாது. ஆகவே கார்பன் எனக்கு மூன்றாம் படி. அந்தத் தொகையைத் தவிர வேறு கையிருப்பு இல்லை என்பதால், அதைச் செலவிட்டால் உம்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ திடீர் மருத்துவச் செலவு வரும் நாளில் நான் கடன் கேட்டு நிற்க வேண்டும். இரண்டாம் படியின் கல்லை உருவி மூன்றாம் படியில் வைப்பதற்கு இது ஒப்பாகும்.

"கூடுதல் செலவில்லாத் தவணை" என்று கடைக்காரர் சொன்ன வழியும் எனக்கு உகந்ததாக இல்லை. அத்திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகையைக் கடை முன்கூட்டியே தள்ளுபடி செய்கிறது. வங்கியின் கணக்கிலோ வட்டி வட்டியாகவே எழுதப்படுகிறது. பெயர் மாறினாலும் ஒப்பந்தம் அதுவே.

எனவே கார்பன் வாங்கவில்லை. 28 மில்லிமீட்டரில் நல்ல டயர்கள் இரண்டு, புதிய செயின், பின் கேசட், கைப்பிடி டேப் ஆகியவற்றை மாற்றி, சீட்டின் உயரத்தையும் சரிசெய்தேன். செலவு 13,500 ரூபாய். காற்றழுத்தத்தை 100 பிஎஸ்ஐயிலிருந்து 80க்குக் குறைத்தேன். பெயர்ந்த சாலையில் உள்ளங்கை மரத்துப்போவது நின்றுவிட்டது. கார்பனின் அந்த முதல் பாய்ச்சல் இதில் இல்லை. அதை நான் விரும்பினேன் என்பதையும் மறைக்கவில்லை.

என் முடிவு என் நண்பர்கள் மீதான தீர்ப்பன்று. அவர்களில் ஒருவர் பதின்மூன்றரை மணி நேரத்தில் 200 கிலோமீட்டர் முடிக்க வேண்டிய பிரெவே பயணங்களுக்குச் செல்பவர், வசதியும் உள்ளவர், ஸதகாவில் எங்கள் எவரையும்விட முந்துபவர். அவருடைய ஏட்டில் அதே வண்டி வேறு படியில் நிற்கக்கூடும். அந்த மாணவனுக்கும் இதையே சொன்னேன்: "விலை அதிகம்தான் தம்பி. அது தப்பான பொருள் இல்லை. எனக்கு இப்போது அது தேவையில்லை."

உங்கள் வீட்டில் அது கைப்பேசியாக, காராக, திருமண மண்டபமாக இருக்கலாம். பார்ப்பவர்களின் கண்களை இருபுறமும் விலக்கிவிட்டு, பொருளையும் அது நிற்கும் படியையும் நோக்குங்கள். செலவிடுவதிலும் சேமிப்பதிலும் அல்லாஹ் நமக்கு நடுநிலையைத் தந்தருள்வானாக. ஆமீன்.