மழைக்குப் பின்னால் ஒரு வெயில் தீவு

மூணாறின் குளிரைத் தேடி ஊரெல்லாம் மலையேறுகிறது. அந்தக் குளிரிலேயே கிடப்பவர்களின் கனவோ 40 கி.மீ. கீழே காய்ந்துகொண்டிருக்கிறது.

ஜூலை மாதத்து மூணாறு. லயத்து வீட்டில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்திருப்பவருக்குப் பொழுது தெரிவதில்லை. காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஜன்னலில் ஒரே சாம்பல் நிறம். கொடியில் நான்கு நாளாகத் தொங்கும் துணி இன்னும் ஈரம். விறகும் ஈரம், அதனால் வீடு முழுக்கப் புகை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் ஒரு மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடி இருமல், மறுபடி தகரக் கூரையில் மழைச் சத்தம். இப்படிப் படுத்திருக்கும் யாருக்கும் வேறு பெரிய ஆசைகள் வருவதில்லை. முதுகில் கொஞ்சம் வெயில் பட்டால் போதும்.

நகரத்து அடுக்குமாடி வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு இதே ஆசை வந்தால் மனம் மாலத்தீவுக்கோ லட்சத்தீவுக்கோ போகும். நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை நிழலில் ஒரு சாய்வு நாற்காலி. விளம்பரங்கள் அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. மூணாறுக்காரரின் தீவுக்குக் கடல் கிடையாது. அது ஒரு முள்காடு. உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

கேரளத்தின் மழை வரைபடத்தில் இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையைப் பார்த்தால் விஷயம் புரியும். மாநிலமே நனைந்து கிடக்க, மறையூரும் சின்னாறும் மட்டும் தனியே காய்ந்து நிற்கின்றன. காரணம் நடுவில் நிற்கும் மலை. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலைத் தொடரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியையும் அதன் சகோதரச் சிகரங்களையும் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதனிடம் மிச்சமிருப்பது வெறும் காற்றுதான். சின்னாறு சரணாலயத்தில் மழை பெய்வது ஆண்டுக்கு 48 நாள் அளவில்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி மழை. மூணாறில் குடையை மடக்க முடியாத ஆடி மாதத்தில் அங்கே வெயில் காய்கிறது.

பயணத்தில் இந்த மாற்றத்தை உடம்பே சொல்லிவிடும். மூணாறிலிருந்து புறப்படும் பஸ்ஸில் எல்லா ஷட்டர்களும் இறக்கப்பட்டிருக்கும். ராஜமலை வரை மஞ்சு. எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும். வாகுவரை தாண்டி, லக்கம் அருவி தாண்டி, வளைவுகளில் இறங்க இறங்க யாரோ ஒருவர் ஷட்டரைத் தூக்குகிறார். பிறகு இன்னொருவர். ஸ்வெட்டர் கழன்று மடிக்கு வருகிறது. மறையூருக்கு முன்பே தேயிலை முடிந்துவிடுகிறது. சாலையோரம் கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள் தொடங்குகின்றன. கேரளத்தில் சந்தனம் இயற்கையாகக் காடாக வளரும் இடம் என்றால் இதைத்தான் சொல்வார்கள். இன்னும் 16 கி.மீ. போனால் சின்னாறு செக்போஸ்ட். அங்கே கள்ளியும் முள்மரமும் கல்லும்தான். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற அணிலும் வாழும் இந்தக் காடு, 1984இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சாலை வேறொன்றையும் நினைவூட்டும். குறிஞ்சித் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த காலம் கூதிரும் முன்பனியும், பொழுது நள்ளிரவு. பாலைக்கு வேனிலும் நண்பகலும். புலவர்கள் தனித்தனியே பிரித்து வைத்த இரண்டு நிலங்களை இந்தச் சாலை ஒரே பஸ் டிக்கெட்டில் கோத்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018இல் மேலே மலையை மூடியபோதும் கீழே சின்னாறு காய்ந்துதான் கிடந்தது.

வெயில் என்றால் வறட்சி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்கிறார்கள். முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பேச்சு இன்றும் தமிழ்தான். மேலே மலையில் கொட்டிய மழை ஓடையாக இறங்கி வந்து இவர்களின் கரும்புக்குப் பாய்கிறது. தலையில் மழை இல்லை, காலடியில் தண்ணீர் உண்டு. கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஆலைக் கொட்டகை. கொப்பரையில் பாகு கொதிக்கிறது. சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டி எடுக்கிறார்கள். கருத்த பழுப்பு நிறத்தில் இருக்கும் மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாறை மேடுகளில் முனியறைகள் நிற்கின்றன. முனிவர்கள் தவம் செய்த அறை என்பது ஊர் நம்பிக்கை. பெருங்கற்காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்குக் கட்டிய கல்லறை என்பது ஆய்வாளர்கள் முடிவு. அந்தக் காலத்திலேயே மனிதன் இந்த வெயிலைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான்.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. மறையூர் வழியாக இறங்கும் பாம்பாறு தமிழ்நாட்டில் அமராவதியில் சேர்கிறது. பவானியோ பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பாய்கிறது. அங்கும் இதே கதைதான். மண்ணார்க்காட்டிலிருந்து மலையேறினால் முக்காலி வரை மழைக்காடு. அமைதிப் பள்ளத்தாக்கின் வாசல் அது. அகளியைத் தாண்டி ஆனைக்கட்டி நோக்கிப் போகப் போக மண் காய்ந்து சிவக்கிறது. ஆனால் வெயில் காய்கிற இடமெல்லாம் சொர்க்கம் என்று அட்டப்பாடியில் சொல்ல முடியாது. 2013இல் அங்கே ஆதிவாசிக் குழந்தைகள் ஊட்டமின்றி அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. மேற்கிலிருந்து பார்ப்பவருக்கு வெயில் இதமாக இருக்கிறது. அதே வெயிலில் விதைக்க வேண்டியவருக்கு அப்படி இல்லை.

வரலாற்றில் இந்தக் கனவு முதலில் நேர்மாறாகத்தான் தொடங்கியது. சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். குளிர்தான் மருந்து என்று நம்பிய காலம் அது. மூணாறு மலைகள் 1877இல் பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயின, தேயிலை வந்தது. கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வெயிலிலிருந்து குடும்பம் குடும்பமாக மலைக்குக் கூட்டிவந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வெயிலிலிருந்து தப்பிக்க மலையேறினார்கள். தமிழர்கள் பசியிலிருந்து தப்பிக்க மலையேறினார்கள். ஒருவருக்கு மருந்தான குளிர் இன்னொருவருக்கு நோயானது.

அந்த மழையைப் பற்றிய பயம் கற்பனையும் அல்ல. 1924 வெள்ளம் மூணாறையும் அங்கே ஓடிய சின்ன ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்து வேர்கள் உள்ள குடும்பங்கள். இன்றும் ராத்திரி மழை வலுத்தால் லயங்களில் சிலர் கண் மூடுவதில்லை.

ஆனால் வெயிலைத் தேடி இறங்கிவிடுவதும் அவர்கள் கையில் இல்லை. லயம் வேலையோடு சேர்ந்த வீடு. வேலை இருக்கும்வரை கூரை உண்டு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் வீடு நிற்கும். பிள்ளைகள் படித்து கோவைக்கோ திருப்பூருக்கோ போயிருந்தால் நிற்காது. 2015 செப்டம்பரில் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் திரண்ட பெண் தொழிலாளர்கள், பழைய தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்து மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸும் கூலி உயர்வும். கோஷங்களுக்கு நடுவே ஒலித்தது இந்த ஒற்றை அறை வாழ்க்கையின் அலுப்பும்தான்.

ஆக, காய்ச்சலில் படுத்தபடி ஆசைப்பட்ட வெயில் ஓய்வு பெறும் நாளில் கேட்காமலே வந்து சேர்கிறது. கொள்ளுத் தாத்தா விட்டு வந்த ஊருக்குப் போனால் அங்கே வெயில் இருக்கிறது. வீடு இல்லை, நிலம் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நாற்பது வருஷம் குளிரைத் திட்டியவர்கள் அப்போது மூணாறு மஞ்சைத் தேடுகிறார்கள்.

சனிக்கிழமை காலைகளில் லக்கம் வளைவில் இரண்டு வகை வண்டிகள் ஒன்றையொன்று கடக்கின்றன. மேலே போகும் கார்களில் ஸ்வெட்டர் போட்ட குழந்தைகள் மஞ்சைக் காட்டிக் கூச்சலிடுகிறார்கள். கீழே இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருமலோடு ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். மறையூர் பஸ் ஸ்டாண்டில் அவர் இறங்கி, சுவரில் சாய்ந்து, சட்டையின் முதல் இரண்டு பொத்தான்களைக் கழற்றிவிட்டு நிற்கிறார். வேறு வேலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பும்போது பையில் இரண்டு கிலோ உருண்டை வெல்லம் இருக்கிறது, வீட்டுக் கஷாயத்துக்கு.