அடுத்த மெக்கானிக் பார்ப்பான்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை மேய்ந்துகொண்டிருந்தபோது அந்த ரேடியோப் பெட்டி கண்ணில் பட்டது. மரக் கூடு, கண்ணாடி டயல், தந்த நிறத்தில் நான்கு திருகுகள். முகப்பில் இருந்த பித்தளை எழுத்துகள் உதிர்ந்து ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். "உள்ளே எதுவும் கழட்டலை சார். வேணும்னா எல்லாத்தையும் எடுத்துட்டு ப்ளூடூத் போர்டு வச்சுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். பக்கத்தில் அப்படி வயிறு கிழிக்கப்பட்ட இரண்டு பெட்டிகள் பளபளவென்று வார்னிஷ் அடித்து நின்றன. அவற்றின் சேஸிஸ் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் செம்புக்கு எடைக்கு எடை காசு.

பேசாமல் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். பத்துக் கிலோ தேறும். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறை. பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஐம்பது வருடமாக வால்வு ரேடியோ பார்க்கிறவர், ஹாம் ரேடியோ லைசென்ஸும் உண்டு. பெட்டியைப் பார்க்கும் முன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கரண்ட் குடுத்துப் பாத்தீங்களா தம்பி?"

"இல்லைங்கய்யா."

"பொழைச்சீங்க."

பின்பக்க அட்டையைக் கழற்றினார். ஒட்டடை, எலிப் புழுக்கை, ஆறு வால்வுகள். மேஜையில் இருந்த முட்டை அட்டையில் முட்டைக்குப் பதில் வால்வுகள் வரிசையாக நின்றன. சிலவற்றில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை. பெங்களூரில் ஹாலந்து பிலிப்ஸ் கூட்டோடு 1961-ல் வால்வு செய்ய ஆரம்பித்தார்கள். அந்தச் சரக்குதான் இன்னமும் இவருக்குச் சோறு போடுகிறது. வால்வின் பேரே அதன் ஜாதகம் என்றார். இ.எல்.84 என்றால், 'இ' ஃபிலமெண்டுக்கு 6.3 வோல்ட், 'எல்' ஸ்பீக்கரைத் தள்ளுகிற பவர் வால்வு. எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி ரேடியோ தெரிந்த மாதிரி.

முதலில் சீரீஸ் போர்டு. ரேடியோவுக்கும் கரண்டுக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ரேடியோ தப்பித்துக்கொள்ளும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. குண்டு பல்பு கிடைப்பது குறைந்துபோனதால் இரண்டை வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். எங்கள் பெட்டிக்குப் பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கியது. "நல்ல சகுனம்" என்றார்.

இனி நடந்ததெல்லாம் ஒற்றைக் கையால். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் மீட்டர் முள்ளை வைத்தார். உள்ளே 250 வோல்ட் டி.சி. ஓடுகிறது. இரண்டு கையும் பட்டால் அது நெஞ்சு வழியாகத்தான் போகும். இ.எல்.84-ன் கிரிட்டில் ஒன்றுமே காட்டக் கூடாது. மீட்டர் 9 வோல்ட் காட்டியது. உடனே அணைத்துவிட்டார்.

குற்றவாளி, சுண்டுவிரல் பருமனில் மெழுகு பூசிய ஒரு காகித கண்டென்சர். டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் விடவேண்டிய வாயில்காப்போன். வயதாகி, ஈரம் குடித்து, டி.சி.யையும் கசியவிடுகிறது. இப்படியே ஓடவிட்டால் வால்வு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகும். "ஆசையா வாங்கிட்டு வந்து நேரா பிளக்ல சொருகிடுறாங்க. பாதி ரேடியோ அப்படித்தான் சாகுது."

மஞ்சள் நிறப் புது கண்டென்சரை அங்கே பற்றவைத்தால் வேலை முடிந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. பழசைக் கழற்றி, சூடான சால்ட்ரிங் அயர்னை அருகில் பிடித்து மெழுகை இளக்கினார். உள்ளே சுருட்டியிருந்த காகிதத்தையும் தகட்டையும் குச்சியால் தள்ளி வெளியே எடுத்தார். காலிக் குழலுக்குள் புதுசை நுழைத்து, கூடவே தேதியும் அளவும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் வைத்து, வழிந்த மெழுகாலேயே இரண்டு முனையையும் அடைத்தார். ஒன்றுக்கு இருபது நிமிடம். அந்தப் பெட்டியில் அப்படி ஒன்பது.

"அடியில கெடக்கிறதை யாருங்கய்யா பாக்கப் போறாங்க?"

"அடுத்த மெக்கானிக் பாப்பான்ல."

அடுத்த மெக்கானிக் எங்கே இருக்கிறான் என்று கேட்க வாய் வரவில்லை.

மெழுகு ஆறும்வரை ஹாம் கதை. எழுபதுகளில் நிமிடத்துக்கு 5 வார்த்தை மோர்ஸ் தேறித்தான் இரண்டாம் கிரேடு லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். 807 வால்வு போட்டு அவரே கட்டிய டிரான்ஸ்மிட்டர் மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. 40 மீட்டரில் 'டா டிட் டா டிட், டா டா டிட் டா' என்று தட்டிவிட்டு, யாராவது பதில் தருகிறார்களா என்று காத்திருந்த இரவுகளைச் சொன்னார். ஹாம்கள் வயது பார்க்காமல் ஒருவரையொருவர் 'ஓ.எம்.', அதாவது ஓல்டு மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். "இருபது வயசுலயே கிழவனாக்கிட்டானுங்க. இப்பதான் பேரு பொருந்துது."

இதைப் பொழுதுபோக்கு என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் ஒலிபரப்பு தொடங்கியதே இப்படிப்பட்ட ஆர்வக்காரர்களால்தான். 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் என்று ஒன்றை ஆரம்பித்து, 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் கச்சேரி ஒலிபரப்பினார்கள். மூன்றே வருடத்தில் பணமில்லாமல் நின்றது. கருவி மாநகராட்சி கைக்குப் போய், 1930-ல் மறுபடி பேசியது. 40 வாட் என்பது ஒரு மங்கலான குண்டு பல்பு எரிகிற அளவு!

இருட்டிய பிறகுதான் மீண்டும் கரண்ட் கொடுத்தார். அதற்கு முன் கீழே குரல் கொடுத்தார்: "அம்மாடி, லைட்டெல்லாம் அணைச்சிரு. வைஃபையும்." எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் கக்குகிற இரைச்சல், மீடியம் வேவில் நிலையத்தையே முழுங்கிவிடும். வீடு இருண்டது. மருமகள் குழந்தையோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். பழகியிருக்கும் போல.

"சூடேறட்டும், பொறுங்க."

அரை நிமிடம் ஒன்றுமில்லை. வெந்த தூசியின் வாசனை மட்டும். பிறகு டயலின் பின்னால் ஆரஞ்சுப் பொட்டுகள், மேஜிக் ஐ வால்வில் இரண்டு பச்சைக் கோடுகள். அவர் திருகைத் தடவுவதுபோலத் திருப்பினார். 1269-ல், மதுரை நிலையம் இருக்குமிடத்தில், கோடுகள் ஒன்றையொன்று நெருங்கின. மங்கலாக ஒரு நாகஸ்வரம், அதன்மேல் உறுமல்.

"ஃபில்டரா ஐயா?" எனக்கும் கொஞ்சம் தெரியும் என்கிற மிதப்பில் கேட்டேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், கதவுக்குப் பின்னால் இருந்த பிளக்கிலிருந்து எதையோ பிடுங்கினார். உறுமல் நின்றது.

"உங்க போன் சார்ஜர் தம்பி" என்று என் கையில் வைத்தார்.