நானும் சிரித்தேன்

எங்கள் ஓடைப்பட்டியிலே திராட்சைப் பந்தலின் நிழல் உண்டு. ஏழைப் பெண்ணொருத்தி பழிச்சொல்லுக்குத் தப்பி ஒதுங்க மட்டும் நிழல் இல்லை. ஊரைக் குறைகூற இதை எழுதவில்லை தோழர்களே. என் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

என் இளமையில், எங்கள் தெருப் பெண்ணொருத்தி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்றாள். கணவன் நோயில் கிடந்தான். சில வாரங்களில் பணத்தோடு திரும்பினாள். "இவ்வளவு பணம் ஏது?" என்றது தெரு. திண்ணைகள் சிரித்தன. முந்திய நாள்தான் மேடையேறி மூடநம்பிக்கையைச் சாடி முழங்கியிருந்த நானும் சிரித்தேன்! கடவுளைக் கேள்வி கேட்கத் தெரிந்த எனக்கு, தெருவைக் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

பின்னர் ஒருநாள் நூலகத்தில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கிடைத்தது. 1934-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த மிகச் சிறிய கதை. ஆலைக்கூலி அம்மாளு. அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவன். அவன் உயிர் காக்கக் காசில்லை. இருட்டுச் சந்தில் ஒருவனோடு அவள் மறைகிறாள். படித்து முடித்தேன். என் சிரிப்பு என் தொண்டையிலேயே முள்ளாய் நின்றது.

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1906-இல் பிறந்தார். 1948-இல் காசநோய்க்கு இரையானார். வாழ்ந்தது 42 ஆண்டே! 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். பெண்ணின் கற்புக்குச் சான்று கேட்கும் உலகில் கல்லாயிருப்பதே மேல் என்று அதனினும் கூர்மையாக யார் சொல்ல முடியும்?

கடலுக்கு அப்பாலும் அவருக்கோர் உடன்பிறப்பு உண்டு: அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன். மதபோதகரின் மகன். நியூயார்க் சேரிப் பெண்ணொருத்தியின் வீழ்ச்சியைச் சொல்லும் 'மேகி'யைப் பதிப்பிக்க ஆளில்லை. 1893-இல் சொந்தச் செலவில், புனைபெயரில் அச்சிட்டார். பெற்ற தாயே மேகியை விரட்டுகிறாள். மகள் இறந்தபின் மன்னிப்பதாக அழுகிறாள்! கிரேனையும் காசநோய் 1900-இல் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 28.

இருவரும் விட்டுச்சென்ற செல்வம் எது? வறுமையைக் கண்டபின் தீர்ப்பெழுதத் துடிக்கும் கையைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல். 2002-இல் தமிழக அரசு புதுமைப்பித்தன் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அவர் பார்வையும் நம் உடைமையாக வேண்டாமா?

மன்னிப்புக் கேட்க அவள் வாசலுக்குச் சென்றேன். சொல்லி முடிக்குமுன், "நேரமாச்சு தம்பி, ஜீப்பு வந்துரும்" என்று தூக்குவாளியோடு நடந்துவிட்டாள். என் மன்னிப்பு அவளுக்குத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.

இளைஞர்களே! கோயில் வாசலில் விழித்திருக்கும் பகுத்தறிவு, திண்ணையில் உறங்கலாமா?