ஆமில் எங்கே என்று தேடுங்கள்



மௌலவி ஒருவர் கணினியைப் பற்றி எழுதுவதா என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு மேசையிலும் ஒரு மடிக்கணினி இருக்கும். பிள்ளையின் பாடக்குறிப்பு, பெருநாள் படங்கள், வரவு செலவுக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஒரு நாள் அது தன்னைப் புதுப்பிக்கும்படி கேட்கும். அன்றைக்கு நான் விட்ட பிழையை நீங்கள் விடாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் கொக்குவிலில் வாடகை வீடொன்றில் இருக்கிறோம். எங்கள் கணினியில் ஓடுவது லினக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யுனிக்ஸின் வழியில், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதில் உபுண்டு என்ற வகையை வைத்திருக்கிறோம். காசு கொடுக்க வேண்டியதில்லை. திருட்டுப் பிரதி பாவிக்கிறோமே என்ற உறுத்தலும் இல்லை. ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவனுக்கு இரண்டுமே நிம்மதிதான்.

உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடங்கள் இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவார்கள். எங்களிடம் இருந்த 20.04க்கு 2025 மே மாதத்தோடு தவணை முடிந்தது. அடுத்த 22.04க்கு ஏறியாக வேண்டும். ஒரே தாவலில் 24.04க்குப் போக வழியில்லை, படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை, இஷாத் தொழுதுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கணினியின் பற்றரி பழையது, மின்சாரம் இல்லாமல் ஐந்து நிமிடமும் தாங்காது. நிறுவல் பாதி வழியில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது, எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். மகளின் சீருடைக்கு அயன் பிடிக்க வந்த மனைவி என் பிளக்கைக் கழற்றி அயனின் பிளக்கைச் செருகியிருக்கிறார். அவர் மீது என்ன குற்றம்? சொல்லாமல் விட்டவன் நான். திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. மீண்டும் முடுக்கினால் படங்கள் எதுவும் வரவில்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்.

என்ன நடந்தது என்று விளங்க, பொதி என்றால் என்னவென்று தெரிய வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வரும். எனக்கு இன்னின்ன பொதிகள், இன்ன பதிப்பில் வேண்டும் என்ற பட்டியலையும் அது கூடவே கொண்டுவரும். மேம்படுத்தும்போது ஆயிரக்கணக்கான பொதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தியபடி மாற வேண்டும். சட்டைத் துணியில் பாதியைப் பழைய அளவிலும் பாதியைப் புதிய அளவிலும் வெட்டிவிட்டுத் தைக்க உட்கார்ந்தால் கை பொருந்துமா? என் கணினி அந்த நிலையில்தான் கிடந்தது.

அப்போதாவது நான் பொறுத்திருக்கலாம். செய்யவில்லை. கைத்தொலைபேசியில் தேடி, யாரோ எழுதி வைத்த கட்டளைகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். அதிலொன்று, ஒரு பொதியின் கோப்பின் மேல் இன்னொரு பொதியின் கோப்பை வலிந்து எழுதச் சொல்லும் கட்டளை. அது இருந்த சிக்கலை இரட்டிப்பாக்கியது. கடைசியில் கணினி நீண்ட பட்டியலொன்றைக் காட்டி, இவற்றையெல்லாம் நீக்கவா, ஆம் என்றால் 'ஒய்' எழுத்தை அழுத்துங்கள் என்று கேட்டது. விரலைக் கொண்டுபோய்விட்டேன். பக்கத்தில் நின்ற மகள்தான், "வாப்பா, பொறுங்கோ! இதில டெஸ்க்டொப் எண்டும் போட்டிருக்கு" என்றாள். பிள்ளை வாசித்தாள், நான் வாசிக்கவில்லை. கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

காரணம் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் அகதியாக வளர்ந்தேன். என் உம்மா சோனகத்தெருவை மறக்கவே இல்லை. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த வளவில் மாதுளை நின்றது, யார் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2008 வாக்கில் அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து வைத்தேன், நாற்பது பக்கத்துக்கு மேல். உம்மா மௌத்தாகி இரண்டு வருடங்களாகின்றன. அந்தக் கோப்பு இந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தது. பிரதி எடுத்து வைக்காமல் மேம்படுத்தலில் கைவைத்த என் புத்தியை என்னவென்பது?

மறுநாள் அயலிலுள்ள தம்பியொருவர் வந்தார். கொக்குவிலில் இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். வந்ததும் எதையும் திருத்தத் தொடங்கவில்லை. பென் டிரைவ் ஒன்றிலிருந்து வேறொரு லினக்ஸை ஓடவிட்டு, எங்கள் கோப்புகளை எல்லாம் வெளியே பிரதி எடுத்தார். நான் பதற்றத்தோடு உம்மாவின் கோப்பைத் திறக்கச் சொன்னேன். திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்! தமிழ் ஓரெழுத்தும் இல்லை. எனக்குக் கை நடுங்கியது.

"சேர், இது பாமினி எல்லோ? இந்தப் பென்னில பாமினி இல்லை, அதுதான். உங்கட எழுத்து ஒண்டும் போகேல்லை" என்று சிரித்தார்.

அந்தக் காலத்தில் நாமெல்லாம் பாவித்த பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி ஆங்கிலம் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய விசை அதில் அரைப்புள்ளி, அதனால்தான் பக்கமெல்லாம் அரைப்புள்ளி. எழுத்துருவைப் போட்டதும் உம்மா சொன்னபடியே மாதுளை மரமும் கிணறும் திரும்பி வந்தன. அல்ஹம்துலில்லாஹ். மேம்படுத்தல் மாற்றுவது பணிசெயல் முறைமையின் பொதிகளை. நம்முடைய கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவில் அது பொதுவாகக் கைவைப்பதில்லை. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

பிறகுதான் திருத்த உட்கார்ந்தார். "முதலாவதா வந்த பிழையைப் பாத்தனீங்களோ? கடைசியில நிக்கிறது விளைவு. மேல போங்கோ" என்றார். மேம்படுத்தலின் பதிவேட்டை மேலிருந்து வாசித்தோம்.

எனக்கு அரபுக் கல்லூரி நினைவு வந்தது. நஹ்வுப் பாடத்தில் ஒரு சொல்லின் கடைசியில் ஏன் இந்த ஹரகத் வந்தது என்று உஸ்தாத் கேட்பார். நாங்கள் அந்தச் சொல்லையே முறைத்துப் பார்ப்போம். "அங்கே பார்க்காதே, அதை ஆளுகின்ற ஆமில் எங்கே என்று தேடு" என்பார். பெரும்பாலும் அது முன்னாலேயே நிற்கும். பதினைந்து வருடங்களாக மாணவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன், கறுப்புத் திரைக்கு முன்னால் மறந்துவிட்டேன்.

எங்கள் ஆமில் அகப்பட்டது. முன்பொருமுறை குர்ஆன் தேடலுக்கென்று ஒரு மென்பொருளை உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து எடுக்காமல் வெளி மூலமொன்றைச் சேர்த்து நிறுவியிருந்தேன். அது தன்னோடு ஒரு நூலகப் பொதியையும் உபுண்டு தருவதைவிட உயர்ந்த பதிப்பு எண்ணோடு கொண்டுவந்திருந்தது. மேம்படுத்தும்போது கணினி வெளி மூலங்களை நிறுத்திவைக்கும், ஆனால் அவற்றிலிருந்து வந்த பொதிகள் அப்படியே தங்கிவிடும். உயர்ந்த எண்ணைக் கண்டு புதிய பொதி விலகி நிற்க, அதை நம்பிய மற்றவை எல்லாம் தடுக்கி விழுந்தன. பிளக் கழன்றது அதற்கு மேல் விழுந்த அடி. ஸனத் தெரியாத செய்தியை ஏற்காதே என்று வகுப்பில் சொல்கிறேன். பொதியை மட்டும் எங்கிருந்தும் எடுத்துக்கொண்டேன்!

தம்பி முதலில் பாதியில் நின்ற பொதிகளின் அமைப்பை முடிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அந்த வெளி மென்பொருளை நீக்கி, நூலகப் பொதியை உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கினார். அதன் பிறகு உடைந்த சார்புகளைச் சரிசெய்யச் சொல்லும் கட்டளை. ஒவ்வொரு தடவையும் நீக்கப்படப்போகும் பட்டியலை மகள் உரக்க வாசித்தாள், பிறகே 'ஒய்'. ளுஹருக்கு முன் முகப்புத் திரை வந்துவிட்டது. தமிழ்த் தட்டச்சு மட்டும் வேலை செய்யவில்லை. உள்ளீட்டுக்குரிய பொதி நீங்கியிருந்தது, அதை நிறுவி ரெங்கநாதன் விசைப்பலகையைத் தெரிவுசெய்ததும் சரி.

உம்மாவின் பக்கங்களை யுனிகோடுக்கு மாற்றிவிட்டேன். ஒரு பிரதி பென் டிரைவில் அலுமாரிக்குள், ஒன்று புத்தளத்தில் தங்கையிடம். 24.04க்கு ஏறப் பாடசாலை விடுமுறையைப் பார்த்திருக்கிறேன். மனைவி இப்போதே ஒரு தாளில் பெரிய எழுத்தில் "கழற்ற வேண்டாம்" என்று எழுதி, பிளக்குக்கு மேலே ஒட்ட எடுத்து வைத்திருக்கிறார்.