நிற்கத் தெரிந்த கார்

கார் திருத்தத் தொடங்கும் பெடியளைப் பார்த்தீர்களென்றால், முதலில் மாறுவது றிம். அடுத்தது சைலன்சர். பிறேக் பற்றிய கதை வந்தாலும், றிம்முக்குள்ளால் சிவப்புக் கலிப்பர் தெரியவேணும் என்ற அளவில்தான் வரும். எங்கட செற்றிலும் இந்தக் கதை ஒரு மாதமாக ஓடியது.

காரணம், எங்களில் ஒருவன் வாங்கிய 1998 ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஈ.கே.4. 1.6 லீற்றர் எஞ்சின், 170 குதிரைவலு. எங்களில் சிலருடைய வயதைவிட அந்தக் காரின் வயது கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அதற்கிடையில் பழைய கார்கள் எல்லாம் பொன் விலைக்குப் போய்விட்டன. அப்படி வாங்கிய காரைத் திருத்த அவனிடம் மிஞ்சியிருந்தது கொஞ்சக் காசுதான். 17 அங்குல றிம்மும் பெரிய கலிப்பரும் போடுவதுதான் அவனுடைய கனவு. ஆனால் அந்தக் காரில் நாங்கள் நாலு பேரும் நுவரெலியா போவதாக இருந்தோம். அதனால் இது அவனுடைய காசு மட்டுமில்லை, எங்கட உயிரும் சம்பந்தப்பட்ட விசயம் ஆகிவிட்டது.

கராஜ் அண்ணையிடம் கேட்டோம். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. குனிந்து ரயரைத்தான் பார்த்தார்.

"தம்பியவை, பிறேக் சில்லைத்தான் நிப்பாட்டும். காரை நிப்பாட்டுறது ரயர். விளங்குதோ?"

விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஓடும்போது பிறேக்கை இறுக்கி மிதித்தால் சில்லு பூட்டிக்கொள்கிறது, அல்லது ஏ.பி.எஸ். அடிக்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் ரயர் தாங்கக்கூடியதைவிடக் கூடிய பலம் அந்தப் பிறேக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குமேல் எவ்வளவு பெரிய கலிப்பர் போட்டாலும், ஒருதரம் மிதித்து நிறுத்தும் தூரம் குறையப் போவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏ.எல். பௌதிகம் ஒருநாளும் இப்படி உதவியதில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், உராய்வுக் குணகம் 0.9 தரும் நல்ல ரயரில் சுமார் 44 மீற்றரில் நிற்கும். ரயர் காய்ந்து இறுகி அது 0.7 ஆகிவிட்டால் 56 மீற்றர் வேணும். பன்னிரண்டு மீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது கார் இன்னும் 47 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும், லைற் இல்லாத சைக்கிளில் ஒரு ஐயா வருவார். அந்த 47 கிலோமீற்றர் அவர்கள் மேல்தான் போய் முடியும்.

ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1817 என்றால் 2017 ஆம் ஆண்டின் 18 ஆவது கிழமையில் செய்தது. அவனுடைய காரில் இருந்தது அந்த இலக்கம்தான். பூ நல்லாகவே இருந்தது. ஆனால் நகத்தால் அமத்தினால் பழைய செருப்பு மாதிரி இறுக்கம்.

அப்படியென்றால் நல்ல பிறேக் எதற்கு? சூட்டைத் தாங்குவதற்கு. ஓடும் காரின் சக்தி முழுவதையும் பிறேக் வெப்பமாக மாற்றுகிறது. நாலு பேருடன் 1,300 கிலோ வரும் இந்தக் கார் 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது கிட்டத்தட்ட 5 இலட்சம் யூல் வெப்பம் பிறக்கும். இது ஒருதரத்துக்கு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். றம்பொடைப் பக்கத்தால் கம்பளைக்கு இறங்கினால் சுமார் 1,400 மீற்றர் கீழே வருகிறோம். அந்த இறக்கத்தின் சக்தி, 100 இலிருந்து முப்பத்தைந்து தரம் பிறேக் பிடித்து நிறுத்துவதற்குச் சமன். எஞ்சினும் காற்றும் தடுப்பது போக மிச்சம் முழுக்க டிஸ்க்கில்தான். கியரைக் குறைக்காமல் பிறேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குபவர்களுக்குப் பாதி வழியில் எரிந்த மணம் வருவது இதனால்தான்.

அந்தச் சூட்டில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பாட்டும் பிறேக் ஓயிலும்தான். பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புது டொட் 4 ஓயில் குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்கவேணும் என்பது நியமம். ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 ஆகிவிடும். டொட் 3 என்றால் 205 உம் 140 உம். ஓயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும். ஓயிலை அமத்த முடியாது, குமிழியை அமத்தலாம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. எங்கட ஊர் ஈரக் காத்துக்கு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா ஓயில் மாற்றத்தான் வேணும். திருத்த வேலைகளில் ஆக மலிவானது இது. ஒருத்தருக்கும் தெரியாத வேலையும் இதுதான்.

பிறகு பாட். "ரேஸ் பாட் போடுவம்" என்று ஒருவன் சொன்னான். ரேஸ் பாட் சூடேறின பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். காலையில் வீட்டு ஒழுங்கையால் வெளியே வரும்போது ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால், குளிர்ந்த ரேஸ் பாட் சாதாரண பாட்டைவிட மோசம். வீதிக்கு வீதிப் பாட்தான், அதில் நல்லதாகப் பார்த்து வாங்கவேணும். போட்ட உடனே பறக்கவும் கூடாது. நடுத்தர வேகத்திலிருந்து பல தரம் மெதுவாகப் பிடித்து, ஆறவிட்டுப் பழக்கவேணும்.

பெரிய டிஸ்க் வீண் என்று சொல்ல வரவில்லை. ஓட்டத் திடலில் சுற்றுக்குச் சுற்று பிடிப்பவருக்கு அது தேவை. ஆனால் முன்னுக்கு மட்டும் பெரிதாகப் போட்டால் முன், பின் சமநிலை குழம்பும். கலிப்பரின் பிஸ்டன் பெரிதானால், பழைய மாஸ்டர் சிலிண்டருடன் பெடல் ஆழமாகப் போகும். றிம்மும் இதற்குள்தான் வருகிறது. 1998 இல் மிற்சுபிஷி லான்சர் எவலூஷன் 5 வந்தபோது பிரெம்போ பிறேக் போட்டார்கள். அந்தக் கலிப்பருக்கு இடம் வேண்டியிருந்தது, சில்லும் 16 இலிருந்து 17 அங்குலமானது. எங்கட பக்கத்தில் றிம் வாங்கிப் போட்டு, "உள்ளே வெறுமையாய்க் கிடக்குது" என்று பிறகு கலிப்பர் தேடுகிறோம்.

அவனுடைய மனதை மாற்றினது இன்னொரு தகவல். இதே தலைமுறை சிவிக்கில் ஹொண்டாவே செய்த ஆக வேகமான கார், 1997 இல் வந்த டைப் ஆர். 185 குதிரைவலு. அதற்குக் கொம்பனி போட்ட ரயர் 195/55, 15 அங்குலம். பதினைந்து!

ஜப்பானின் ரேய்ஸ் கொம்பனி 1996 இல் கொண்டுவந்த ரீ.ஈ.37 றிம் பெயர் எடுத்தது அழகால் மட்டுமில்லை. அடித்து உருவாக்கிய அலுமினியம், அதனால் பாரம் குறைவு. அதன் உருவத்தை மட்டும் வார்த்தெடுத்த கொப்பி றிம் பாரமானது, கிடங்கில் விழுந்தால் வெடிக்கும் பயமும் உண்டு. முத்திரையை நம்பலாம் என்றால், முத்திரையையும் சேர்த்தே வார்க்கலாமே. பாரமான சில்லைச் சுழற்றவும் கூடச் சக்தி வேணும், நிறுத்தவும் வேணும். மெல்லிய பக்கச் சுவருள்ள ரயர் எங்கட வீதிக் கிடங்குகளில் றிம்மைக் காப்பாற்றாது. றிம் மாற்றத்தான் வேணுமென்றால், நட்டுத் துளை 4x100, நடுத் துளை 56.1 மில்லிமீற்றர், ஓப்செற் ஆகிய மூன்றும் பொருந்தவேணும். "போட்டால் ஏறுது" என்பது போதாது.

கடைசியில் வாங்கியது: 195/55 இல் நாலு புது ரயர், நல்ல வீதிப் பாட், அசல் அளவிலேயே புது டிஸ்க், புது ரப்பர் ஹோஸ், டொட் 4 ஓயில். பழைய 15 அங்குல றிம்மைக் கழுவிப் பூட்டினோம். கார் முந்தி நின்ற மாதிரியேதான் நின்றது. "காசு எங்கையடா போனது?" என்று அவனுடைய அம்மாவே கேட்டா.

நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறுபவனுக்குத்தான் அங்கே கைதட்டு, இறங்குபவனை ஒருத்தரும் பார்ப்பதில்லை. நாங்கள் றம்பொடைப் பக்கத்தால் இரண்டிலும் மூன்றிலும் கியரை வைத்து இறங்கினோம். வளைவுகளில் பெடல் கடைசிவரை ஒரே உயரத்தில் நின்றது. பின்சீற்றில் இருந்த இரண்டு பேரும் கம்பளை வரும்வரை நித்திரை.

உங்கட வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்கலாம், அப்பாவின் பழைய வான் என்றாலும் பரவாயில்லை. பின்னேரம் ரயருக்குப் பக்கத்தில் குந்தி அந்த நாலு இலக்கத்தை வாசியுங்கள். பிறகு றிம்மைப் பற்றிக் கதைப்போம்.