இருபது மீட்டர் நாடா

பவளப்பாறையில் வேலை என்று சொன்னதும், “பவளம் எடுக்கிறீர்களா?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம் நான் சொல்லும் இந்தப் பார்களில், அதாவது பவளப்பாறைகளில், இல்லை. மன்னார் வளைகுடாவில் இருப்பவை பார் கட்டும் பவளங்கள். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டம். அங்கே எங்கள் வேலை எடுப்பதல்ல, அளப்பது. கேட்பவருக்குச் சப்பென்று போய்விடும். ஆனால் சட்டம், ஆராய்ச்சி, விழிப்புணர்வு என்று மேடையில் அடுக்கப்படும் மூன்றும் கடைசியில் இந்த அளவையைத்தான் நம்பி நிற்கின்றன என்பது இத்தனை கால நீச்சலில் எனக்குப் புரிந்தது.

வேலையைச் சொல்கிறேன். இருபது மீட்டர் நாடாவைப் பாரின்மேல் கரைக்கு இணையாக விரிக்க வேண்டும். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்ந்து, நாடாவுக்கு நேர் கீழே இருப்பதையெல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். உயிருள்ள பவளம் எவ்வளவு நீளம், அது எந்த வகை. செத்தது எவ்வளவு, பாசி மூடியது எவ்வளவு, மணல் எவ்வளவு, உடைசல் எவ்வளவு. அவ்வளவுதான். இங்கே பார்கள் பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள் கிடக்கின்றன. ஆழம் குறைவு என்பதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. அலை ஆளை முன்னும் பின்னும் இழுக்கும்; நாடாவும் கூடவே ஆடும். காலை ஊன்ற முடியாது, ஏனென்றால் ஊன்றினால் நாம் அளக்க வந்ததே உடையும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் கடல் கலங்கி, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. வாடைக்காலம் முடிந்து கடல் தெளியும் அந்தச் சில வாரங்களுக்குள் முக்கால்வாசி வேலையை முடித்தாக வேண்டும்.

நாடாவைப் படிப்பதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோடையில் வெள்ளையாக நிற்கும் பவளத்தைப் பார்த்ததும் ‘செத்தது’ என்று எழுதிவிடுவார்கள். முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்வேன். வெளிறிய பவளத்தின்மேல் கண்ணாடிபோலத் தெளிந்த சதை இன்னும் இருக்கும். குழிகளுக்குள் உணர்கொம்புகள் சுருங்கிக் கிடக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் மிதந்தால் அவை மெல்ல வெளியே வருவதும் தெரியும். அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் கொடுப்பது. நீர் சுட்டுவிட்டால் அந்தப் பாசி வெளியேற்றப்படுகிறது. சதை வழியே உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. சூடு சில வாரங்களில் தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் தேறும். தணியாவிட்டால் சதை உரிந்து போகும். வெறும் சுண்ணாம்பாக நிற்பதன்மேல் சில நாட்களுக்குள்ளேயே பழுப்பும் பச்சையுமாக வேறு பாசி படர்ந்துவிடும். வெளிறியதா, செத்ததா என்பது ஒரே ஒரு குறியீட்டு வித்தியாசம். அதைத் தவறாக எழுதினால் அந்த ஆண்டின் கணக்கே பொய்யாகிவிடும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2002இல் தொடங்கிய ‘கோரல்வாட்ச்’ திட்டத்தின் நிற அட்டை இதற்கு நல்ல துணை. வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை ஒன்று முதல் ஆறு எனப் படி போட்ட அட்டை. அதைப் பவளத்தின் பக்கத்தில் பிடித்து, ஒத்துவரும் எண்ணைக் குறிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவரால் செய்ய முடியும். சுழியோடிப் பழகிய மீனவர் இன்னும் நன்றாகவே செய்வார்.

ஒருநாள் அளவு எதையும் சொல்லாது. பால்கணக்கு நோட்டைப்போலத்தான் இதுவும். வரிசையாக எழுதி வந்தால்தான் கணக்குப் பேசும். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் இந்தத் தீவுகளைச் சுற்றி எடுத்து வைத்திருக்கும் கணக்கு இருப்பதால்தான் இன்று நாம் ஒரு கதையைச் சொல்ல முடிகிறது. 2010 கோடையில் நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 33 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஏறி 2015இல் சுமார் 39ஐத் தொட்டது. 2016இல் மறுபடி சூடு. 39 என்பது ஏறக்குறைய 23 ஆனது. ஐந்து ஆண்டுகளில் ஏறியது ஆறு சதவீதப் புள்ளி. ஒரே கோடையில் இறங்கியது பதினாறு சதவீதப் புள்ளி. கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா, மோன்டிபோரா, போசில்லோபோரா வகைகள்தாம் முதலில் போயின. உருண்டையாக, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும் போரைட்டிஸ் பெரும்பாலும் தாங்கி நின்றது.

சூட்டுக்குச் சட்டம் தெரியாது. அப்படியிருக்கச் சட்டத்தால் என்ன பயன் என்று கேட்பார்கள். இதற்குப் பதில் இந்தக் கடலிலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாகவும், சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இப்போது நீருக்குள். அவற்றை மூழ்கடித்ததில் பெரும் பங்கு கடப்பாரைக்கு. சுண்ணாம்புக்கும், கார்பைடு தொழிலுக்கும், கட்டடத்துக்கும், சாலைக்கும் என்று வள்ளம் வள்ளமாகப் பாரை வெட்டிக் கரையேற்றினார்கள். அலையின் வேகத்தைத் தாங்கி உடைத்த பார் போனபின், தீவின் மணலைப் பிடித்து வைக்க ஆளில்லை.

இத்தனைக்கும் ஆராய்ச்சிக்குக் குறைவில்லாத கடல் இது. குருசடைத் தீவின் உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே தனி நூல் வெளியிட்டது. பவளப்பாறைகளுக்கான முதல் சர்வதேசக் கருத்தரங்கு 1969 ஜனவரியில் நடந்தது மண்டபம் முகாமில். உலகத்து அறிஞர்கள் இங்கே கூடிப் பவளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தூத்துக்குடிப் பக்கம் பவளம் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அறிவு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், வயிற்றுப்பாடு ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனியே நடந்தால் எப்படி முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2001இல் பார் கட்டும் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கரும்பவளமும் கடல்விசிறியும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. காட்டில் புலிக்கு என்ன காப்போ, கடலில் பவளத்துக்கும் அதே காப்பு; மீறினால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை. 2004 சுனாமியில் தீவுகளும் பார்களும் எவ்வளவு முக்கியம் என்ற பேச்சு கரையோரமெங்கும் எழுந்தது. 2005 வாக்கில் வெட்டு நின்றது. வெட்டு நின்ற இடங்களில் பவளம் தானாகவே ஏறத் தொடங்கியதை அளவு நாடா காட்டியது. சட்டத்தால் சூட்டைத் தடுக்க முடியாதுதான். கடப்பாரையைத் தடுக்க முடியும். கடப்பாரை படாத பார்தான் சூட்டிலிருந்து மீள்கிறது.

ஆனால் சட்டம் நடப்பது வனச்சரக அலுவலகத்தில் எழுதப்படும் ஒரு பறிமுதல் மகஜரில். பிடிபட்ட மூட்டையில் இருப்பது பவளம்தானா, எந்த வகை, எந்த இடத்தில் எடுத்தது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். அங்கேதான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். “செத்த கல்தானே ஐயா, இதுல என்ன இருக்கு?” என்று பிடிபட்டவர் கேட்பார். செத்த துண்டும் சட்டத்தின் பார்வையில் பவளமே. அதன் முகத்திலிருக்கும் சிறு குழிகளின் அமைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வகையைச் சொல்லி எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் இதே கதைதான். பவளப்பாறைகளுக்கு அதில் மிக உயர்ந்த காப்புப் பிரிவு தரப்பட்டிருக்கிறது. ஆனால் பார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரோ நீந்தி அளந்து வரைபடத்தில் ஏற்றினால்தான் அந்தப் பிரிவு அந்த இடத்துக்குப் பொருந்தும். வரைபடத்தில் நீலமாக விடப்பட்ட பாருக்கு வழக்காட யாரும் வரமாட்டார்கள்.

அழிந்த இடத்தில் நட்டு வளர்ப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. பத்திரிகைகள் விரும்பிப் படம் பிடிப்பது இதைத்தான். நல்ல நிலையில் இருக்கும் தாய்ப்பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை, அதன் உடலில் சிறு பங்குக்கு மேல் போகாமல், நறுக்கி எடுக்க வேண்டும். சிமென்ட் வில்லையில் நைலான் கயிற்றால் அசையாதபடி கட்டி, கடலடியில் வைத்த சட்டகத்தில் பொருத்த வேண்டும். அசைந்தால் ஒட்டாது, ஒட்டாவிட்டால் உரசி உரசிச் சதை போய்விடும். சரியாகக் கட்டியிருந்தால், சில வாரங்களில் அடிப்பகுதியின் சதை வில்லைமேல் மெல்லிய விளிம்பாகப் படர்ந்து கயிற்றையே மூடிக்கொள்ளும். நட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. பாசி படரும், பல் துலக்கும் தூரிகையால் துண்டைச் சுற்றிலும் தேய்த்து விட வேண்டும். பவளத்தைத் தின்னும் சிறு நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கோடைக்கு முன் துண்டு நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு சிறு பரப்பை ஆளாக்க இத்தனை பாடு. நட்டு ஈடுகட்டிவிடலாம் என்ற தைரியத்தில் இருக்கிற பாரை யாரும் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

விழிப்புணர்வு என்ற சொல்லோடு துண்டறிக்கையும் தட்டியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்யும் இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பார்க்கச் சொல்வேன். காரை உதிர்ந்த இடங்களில் கல்லின்மேல் நட்சத்திரமும் மூளைமடிப்புமாகக் கோலங்கள் தெரியும். “இது என்ன சார், யாரு செதுக்கினா?” என்று கேட்பார்கள். யாரும் செதுக்கவில்லை, இந்தக் கல் உயிராக இருந்தது, ஒவ்வொரு குழியிலும் ஒன்று குடியிருந்தது என்று சொன்னதும் கையைச் சட்டென்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதற்குமேல் பேச வேண்டியதே இல்லை.

கடலுக்குப் போகிறவர்களிடம் இது செல்லாது. பார் அவர்களுக்குப் பாடமல்ல, பிழைப்பு. களவா, விளமீன், சிங்கி இறால் எந்தப் பாரில் எந்த மாதத்தில் நிற்கும் என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். கூடு வைத்து மீன் பிடிப்பவர்களில் சிலர், கூடு நகராமலிருக்கப் பாரிலேயே ஒரு கல்லைப் பெயர்த்து மேலே வைப்பது வழக்கம். கீழக்கரைப் பக்கம் வயதான ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சிரித்தார். “தம்பி, கல்லைக் கரையிலேர்ந்து கொண்டுபோனா டீசலுக்கு யாரு காசு குடுப்பா?” கேள்வி நியாயமானது. சட்டத்தின் பிரிவைச் சொல்லி அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர் கூடு வைக்கும் பாரிலேயே நாங்கள் எடுத்த ஆண்டுக் கணக்கை விரித்துக் காட்டினேன். உடைசல் ஏறிய ஆண்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தவர், எந்த ஆண்டு மீன் குறைந்தது என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதும் என் தாளில் இருந்ததும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஓராவும் கிளிமீனும் பாசியை மேய்வதால்தான் செத்த பாரில் புதுப் பவளம் ஒட்ட இடம் கிடைக்கிறது, குஞ்சு ஓராவைக் கூட்டிலிருந்து திருப்பி விடுங்கள் என்று அதன் பிறகு சொன்னால், காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

தடையை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் என்ன ஆகும் என்பதையும் இதே கடல் காட்டியது. தீவுகளைச் சுற்றித் தலைமுறையாக மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்து வந்த பெண்கள், பூங்கா எல்லை இறுகியதும் தங்கள் கடலிலேயே குற்றவாளிகளாக நிற்க வேண்டிவந்தது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவியான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. மூழ்கி எழுந்து பழகிய அந்தப் பெண்களின் கண்ணுக்கு எங்கள் நிற அட்டையைவிடக் கூர்மை அதிகம். அவர்களைப் பாருக்கு அந்நியராக்கும் காவலைவிட, பாரைக் கணக்கெடுப்பவர்களாக்கும் காவல் மலிவானது, உறுதியானதும்கூட.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை அது. ஆனால் பவளம் வெளிறுவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். நீர் சுட்டுப் பவளம் தவிக்கும் வாரங்களில் இழுவைமடி கிளப்பும் சேறாவது மேலே விழாமல் இருப்பது பெரிய தயவு. வேறு காரணத்துக்காக வந்த ஏற்பாட்டை இப்படிப் பவளத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். கூடு வைப்பவர்கள் அந்த நாட்களில் அதிகம் வெளிறிய பார்களை மட்டும் விட்டு வைக்க ஒப்புக்கொண்டால் போதும். எந்தப் பார் என்பதை நாடா சொல்லும்.

அடுத்த வெளிறல் வரும், அதில் சந்தேகமில்லை. அது வரும்போது எந்தப் பார் தாங்கியது, எது விழுந்தது என்று சொல்ல ஒரு எண் வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு ஆணை பிறப்பிக்க ஓர் அதிகாரி வேண்டும். அதைத் தன் கண்ணாலும் சரிபார்த்து நம்புகிற மீனவர் வேண்டும். கடலோர ஊர்ப் பள்ளிகளில் நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு நாடா பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் அளப்பவர், அதிகாரி, மீனவர் மூவரும் ஒரே ஊரிலிருந்தே வருவார்கள்.