எட்டு மணி நேரம்

1986 கார்த்திகையில் ஒரு சாயங்காலம் என் சித்தி, ஜுரத்துக்கென்று வீட்டில் வாங்கி வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து விழுங்கினாள். கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தாள் அப்போது. இரவு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். விஷயம் பாட்டிக்குத்தான் முதலில் தெரிந்தது. "எல்லாம் வெளிய வந்துருச்சு, இனி ஒண்ணுமில்ல" என்றாள் பாட்டி. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போகும் என்றார் மாமா. அவர் சொன்னதில் தப்பில்லை. தற்கொலைக்கு முயல்வது அன்று குற்றம், தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 2024 ஜூலையில் புதிய சட்டம் வரும்வரை அது ஏட்டில் இருந்தது.

மறுநாள் காலை சித்தி எழுந்து குளித்து அடுப்படிக்குப் போனாள். எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். "ஏன் சித்தி?" என்றேன். "என்னமோ தோணுச்சு. விடுடா" என்றாள். விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்பச் சாப்பிட்டாங்க?" என்பது. விளக்கு வைப்பதற்கு முன் என்றாள் பாட்டி, ராத்திரி என்றார் மாமா. அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்பதற்கு எங்களிடம் ஆளுக்கொரு பதில் தயாராக இருந்தது. எப்போது என்பதற்கு இல்லை. ஐந்தாம் நாள் சித்தி போய்விட்டாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் கடை மூடும்வரை நின்று பேசுவோம். காம்யூ, சார்த்தர், இருப்பின் அபத்தம். தற்கொலை எங்களுக்கு ஒரு கருத்து. ஆதரித்தும் மறுத்தும் பேசத் தகுந்த ஒரு நிலைப்பாடு. சித்தி இறந்த இரண்டாம் மாதம் அவளைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். நாற்பது வரி. ஒரு சிற்றேட்டில் வந்தது. தீவிரமான அனுபவம் என்று நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கவிதை முழுவதும் ஒரே கேள்விதான் – ஏன். அதில் ஈரல் இல்லை, மணி இல்லை, மாத்திரைகூட இல்லை. மாத்திரைக்குப் பதிலாக நான் இருட்டு என்று எழுதியிருந்தேன்.

1989ல் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பழைய பத்திரிகைகளைச் சேர்த்து பைண்டிங்குக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அப்படித்தான் 1979 நவம்பர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒன்று கைக்கு வந்தது. பாரசிட்டமால் என்ற சொல் தலைப்பில் இருந்ததால் நின்று படித்தேன். எழுதியவர்களில் முதல் பெயர் எல். எஃப். பிரெஸ்காட், எடின்பரோ. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். பிறகு அவர் எழுதிய மற்றவற்றையும் தேடிப் போனேன்.

பாரசிட்டமாலைத் தயாரித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. 1950களில்தான் அது கடைத்தெருவுக்கு வந்தது. அளவோடு சாப்பிட்டால் வயிற்றைப் புண்ணாக்காத சாதுவான மாத்திரை. அளவு மீறினால் ஈரலை அழிக்கும் என்று 1966ல் எடின்பரோவிலிருந்தே இரண்டு டாக்டர்கள் முதலில் எழுதினார்கள். அந்த நகரத்தின் ராயல் இன்ஃபர்மரியில் விஷமுறிவுக்கென்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. பிரெஸ்காட் அங்கு வந்து சேர்ந்தவர்களின் ரத்தத்தை மணிக்கணக்கு வைத்து அளந்தார். 1971ல் அவரும் கூட்டாளிகளும் எழுதியது இது: ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஈரல் சேதப்படும் என்று எதிர்பார்க்கலாம். ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். ரத்தம் மட்டும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அவருடைய இன்னொரு அக்கறை வயிறு. மாத்திரை விழுங்கியவுடன் மருந்து ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பாரசிட்டமால் இரைப்பையில் உறிஞ்சப்படுவதே இல்லை என்று சொல்லலாம். இரைப்பை தன்னைக் காலி செய்து சிறுகுடலுக்குத் தள்ளிய பிறகே அது ரத்தத்தில் ஏறுகிறது. ஆகவே இரைப்பை காலியாகும் வேகம்தான் மருந்து ஏறும் வேகம். 1973ல் பிரெஸ்காட்டின் குழு இதை அளந்து காட்டியது. இரைப்பை அசைவை மந்தப்படுத்தும் மருந்து கொடுத்தால் பாரசிட்டமால் தாமதமாக ஏறியது. துரிதப்படுத்தும் மருந்து கொடுத்தால் சீக்கிரம் ஏறியது. பிரசவ வலியில் இருக்கும் பெண்களுக்கு அபின் வகை வலிநிவாரணிகள் கொடுத்தால் வயிறு ஏறக்குறைய நின்றே போகிறது என்பதையும் 1975ல் இதே மாத்திரையை அளவுகோலாக வைத்துக் கண்டார்கள்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அளவு மீறி விழுங்கியவருக்கு நாலு மணி நேரம் கழித்தே இன்றும் ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். அதற்குமுன் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை, மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணைப் படிக்க இன்னொரு எண் வேண்டும், விழுங்கிய நேரம். எங்கள் டாக்டர் கேட்டதும் பாட்டி, மாமா, அம்மா யாராலும் சொல்ல முடியாமல் போனதும் அந்த எண்தான்.

ஈரலில் நடப்பதை அமெரிக்காவில் பெதஸ்டாவின் தேசிய சுகாதார நிலையத்தில் பிராடியும் மிட்செலும் மற்றவர்களும் எலிகளை வைத்து 1973ல் விளக்கியிருந்தார்கள். மருந்தின் பெரும்பகுதி தீங்கில்லாத உருவம் பெற்றுச் சிறுநீரில் போய்விடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் ஈரலிலேயே நஞ்சாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து அடக்கிவிடும். தினசரி ஜுர மாத்திரையில் நடப்பது இதுதான். அளவு மீறும்போது குளூட்டாதயோன் இருப்பு கரைகிறது. தீர்ந்த பிறகு நஞ்சு ஈரல் செல்களின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இவ்வளவும் நடக்கும்போது வெளியே பெரிய அறிகுறி ஒன்றும் இல்லை. முதல் நாள் வாந்தி, பிறகு தேறிவிட்டது போன்ற தோற்றம். ஈரல் உண்மையில் விழுவது மூன்றாம், நாலாம் நாளில். பாட்டி பார்த்ததும் நான் பார்த்ததும் அந்தத் தோற்றத்தைத்தான்.

குளூட்டாதயோனை நேரடியாக ஊட்டிப் பயனில்லை. செல்லுக்கு அதைச் செய்துகொள்ள மூலப்பொருள் தர வேண்டும். பிரெஸ்காட் முதலில் சிஸ்டியமைன் என்பதைக் கொடுத்துப் பார்த்தார். பலித்தது, ஆனால் நோயாளிகளை வாந்தியில் வாட்டியது. பிறகு, நெஞ்சுச் சளியை இளக்கப் பயன்பட்டு வந்த அசிட்டைல்சிஸ்டீனை நரம்பு வழியாக ஏற்றினார். 1979 கட்டுரை அப்படி ஏற்றிய நூறு பேரின் கணக்கு. பத்து மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்ற 62 பேரில் ஒருவருக்கு மட்டுமே ஈரல் கடுமையாகச் சேதப்பட்டது. இந்த மருந்து இல்லாத காலத்து 57 பேரில் 33 பேருக்குச் சேதம். எட்டு மணிக்குள் என்றால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. பதினைந்து மணிக்குப் பிறகு பயனில்லை.

நூலகத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். விளக்கு வைக்கும் நேரம் ஆறு மணி. எட்டு மணி நேரம் என்றால் பின்னிரவு இரண்டு. பதினைந்து என்றால் மறுநாள் காலை ஒன்பது. சித்தி எனக்குக் காப்பி கொடுத்தபோது ஏழு இருக்கும். டம்ளரை வாங்கிக்கொண்டு நான் ஏன் என்று கேட்ட அந்த நேரத்தில், இன்னும் இரண்டு மணி மிச்சம் இருந்தது. அந்த மருந்து அன்று எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்காது என்று டாக்டர் நண்பர் ஒருவர் எனக்குச் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரிகை வந்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில், அலமாரியில், ஏழு வருஷமாகத் தூசியோடு இருந்தது.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு யார் என்ன செய்திருந்தாலும் பயனில்லை என்பது ஒருவிதத்தில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1991ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர்கள், ஈரல் செயலிழந்த பிறகும் இதே மருந்தை ஏற்றிப் பார்த்து எழுதினார்கள். மருந்து பெற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிழைத்தார்கள். பெறாதவர்களில் ஐந்தில் ஒருவர். ஆக, பதினைந்து மணி என்று வரைந்த கோடு முடிவான கோடல்ல. விஞ்ஞானம் தன் கோட்டைத் தானே அழித்துத் தள்ளிப் போடுகிறது. நான் என் கவிதையில் ஒரு வரியைக்கூட இதுவரை மாற்றியதில்லை.

இலக்கியத்துக்கு எதிராக ஆய்வுக்கூடத்தை நிறுத்துவதல்ல என் நோக்கம். ஏன் என்ற கேள்வி சின்னதல்ல. நாம் எழுதுவதெல்லாம் அதைச் சுற்றித்தான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் உயிரோடு இருக்க வேண்டும். சித்தியின் பதில் 'என்னமோ தோணுச்சு' என்பதோடு நின்றுவிட்டது. மீதியை நான் கற்பனை செய்து எழுதி அவள் பெயரில் அச்சேற்றினேன். பிரெஸ்காட் தன் கட்டுரைகளில் ஏன் என்று கேட்பதில்லை. அந்த நூறு பேரில் ஒருவரின் துக்கமும் அங்கே இல்லை. முதலில் அந்த வறட்சி என்னை உறுத்தியது. அப்புறம், அவர்கள் தங்கள் துக்கத்தைத் தாங்களே சொல்லிக்கொள்ள வீடு திரும்பினார்கள் என்று புரிந்தது.

சில வருஷங்களுக்கு முன், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ராத்திரி எதிர்வீட்டில் அழுகுரல். காலேஜில் படிக்கிற பெண். அறையைச் சுற்றி எல்லோரும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தெளிவாகத்தான் இருந்தாள், தண்ணீர்கூடக் குடித்தாள். நான் உள்ளே போய், "எப்பம்மா சாப்பிட்டே?" என்றேன். அவள் அப்பா என்னை வெறித்துப் பார்த்தார். "எட்டரை மணி" என்றாள். நான் ஒரு காகிதத்தில் 8.30 என்று எழுதி, காலி அட்டைகளையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். பத்தரைக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நடுராத்திரி தாண்டி ரத்தம் எடுத்தார்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் மருந்து ஏறியது.

இப்போது வேலைக்குப் போகிறாள். வாசலில் பார்த்தால் சிரிப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவள் அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.